உங்களுக்குத் தெரியுமா? அடைக்கோழியின் 21 நாள்

முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டிக் கொக்கரிக்கும். அடைக்கு உட்காரப்போகும் கோழியோ சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். கொக்கரிப்பு நின்று, தொண்டைக்குள்ளேயே 'கொர்ர்... கொர்ர்' என்று ஒரு முனகல் மட்டும் மிஞ்சும். முட்டையிட்ட பிறகும் கூடையை விட்டு இறங்காது. கையைக் கிட்டே கொண்டுபோனால் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். நேற்று வரை காலடியில் சுற்றிவந்த அதே கோழிதான். முட்டைகளை எடுத்துவிட்டாலும் சில கோழிகள் வெறுங்கூடையிலேயே உட்கார்ந்திருக்கும். கூழாங்கல்லை வைத்தால் அதையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். "அக்கா, உங்க கோழி அவயத்துக்கு உக்காந்துருச்சே, முட்டை சேத்து வச்சிருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது இந்த முனகலைக் காதில் வாங்கித்தான்.

*

இந்த மாற்றத்துக்குக் காரணம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி. அதிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கூடக் கூட, கோழிக்குத் தீனியில் நாட்டம் குறையும், முட்டைப்பை சுருங்கும், கூட்டின் மேல் பிடிப்பு ஏறும். ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930-களின் தொடக்கத்தில் புறாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இந்த ஹார்மோனை அடையாளம் கண்டு பெயரும் வைத்தார். 1935-இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் அதை முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் கோழிகள் முட்டையிடுவதை விட்டு அடைக்கு உட்கார்ந்தன. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே புரோலாக்டின்தான்.

*

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நிறுத்திக்கொண்டு அடைக்கு உட்காரும். ஆனால் தினமும் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டே வந்தால், கூடை நிறையவில்லை என்று மேலும் சில நாள் இடும். முட்டைகள் வயிற்றில் உரசும் உணர்வுதான் 'போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது.

*

இப்போது ஒரு கேள்வி. முதல் முட்டை இட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் கடைசி முட்டை வருகிறது. அப்படியிருந்தும் குஞ்சுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியே வருகின்றனவே, எப்படி?

முட்டை வெளியே வரும்போதே அதற்குள் இருக்கும் கரு பல்லாயிரம் செல்களாகப் பெருகியிருக்கும். தாயின் உடல் சூட்டிலிருந்து வெளியே வந்து ஆறியதும் அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிவிடும். சாவதில்லை, காத்திருக்கிறது. கோழி நாள் முழுக்கப் படுக்கத் தொடங்கியதும் எல்லா முட்டையும் சேர்ந்தாற்போல் விழித்துக்கொள்ளும். இட்ட நாள் வேறு வேறாக இருந்தாலும் வளரத் தொடங்கிய நாள் ஒன்றாகிவிடுகிறது.

நம் ஊர்க் கோடையில் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். கரு நன்றாக உறங்க 20, 25 பாகைக்குக் குறைவான குளிர்ச்சி வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்த முட்டையில் கரு அரைகுறையாக விழித்து, அரைகுறையாக வளர்ந்து, பிறகு அழிந்துபோகிறது. அடைக்கென்று சேர்க்கும் முட்டையை வீட்டின் குளிர்ந்த மூலையில், ஈர மணலின் மேல் வைத்த மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாக இருந்தால் நல்லது. நாள் ஏற ஏறப் பொரிக்கும் வாய்ப்புக் குறையும். முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று கிருமியைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கழுவினால் அது போய்விடும்.

*

சேவலை விற்ற பிறகும் இரண்டு வாரம் வரை பெட்டை இடும் முட்டையில் கரு இருக்கலாம். சேவலின் விந்தணுக்களைச் சேமித்து வைக்க முட்டைக் குழாயில் மிக நுண்ணிய குழல்கள் பெட்டைக்கு உண்டு. அங்கிருந்து அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து ஒவ்வொரு முட்டையாகக் கருவாக்கும்.

*

நீண்டு கூரான முட்டை பெட்டை, உருண்டையானது சேவல் என்று எழுதி வைத்தார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அவருக்குப் பிறகு வந்த ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா, கூரானதுதான் சேவல் என்று நேர்மாறாக எழுதினார். இரண்டும் சரியில்லை. முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலினத்துக்கும் தொடர்பே இல்லை. மனிதரில் தந்தையின் குரோமோசோம் பிள்ளை ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. கோழியில் அதைத் தாய்தான் முடிவு செய்கிறது.

*

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடை வைக்கும்போது முட்டையை ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள்: 7, 9, 11, 13. கூடையில் மணலோ உமியோ பரப்பி, வைக்கோலைச் சுருட்டிப் போட்டு, முட்டையை அடுக்கி, ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் சொருகி வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், இரும்பு காக்கும் என்பது நம்பிக்கை.

இதே வழக்கம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியிலும் இருந்தது என்பதை முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்தை விட்டு நகர மனம் வரவில்லை. மேலே சொன்ன கொலுமெல்லா இன்றைய ஸ்பெயினின் காடிஸ் ஊரில் பிறந்தவர், கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி 12 பாகங்களில் நூல் எழுதியவர். அதன் எட்டாம் பாகத்தில் கோழி வளர்ப்பு வருகிறது. அடைக்கு ஒற்றைப்படை எண்ணில் முட்டை வைக்க வேண்டும் என்கிறார். இடியால் முட்டை கெடாதிருக்கப் பலர் கூட்டின் வைக்கோலுக்கு அடியில் இரும்பு ஆணிகளையும் பூண்டையும் லாரல் என்ற மணமுள்ள மரத்தின் சிறு கிளைகளையும் வைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர்கள் பூண்டு வைத்த இடத்தில் நாம் மிளகாய் வைக்கிறோம்; இரும்பு இரண்டு ஊரிலும் உண்டு. மிளகாய் நம் நாட்டுக்கு வந்ததே போர்த்துகீசியர் வந்த பிறகுதான். அதற்கு முன் நம் கூடைகளில் எந்தக் காரம் இருந்ததோ!

ஒற்றைப்படைக்கு ஒரு நடைமுறைக் காரணத்தையும் பெரியவர்கள் சொல்வதுண்டு: நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றி அடுக்கினால் முட்டைகள் உருளாமல் நிற்கும்.

*

இடிச் சத்தத்தில் முட்டை உண்மையிலேயே கெடுமா? 1960-களில் அமெரிக்காவில் போர் விமானங்கள் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்தபோது, அவை எழுப்பும் வெடிச்சத்தத்தால் முட்டை பொரிப்பதில்லை என்று கோழி வளர்ப்பவர்கள் முறையிட்டார்கள். அடைமுட்டைகளை அந்தச் சத்தத்துக்கு நடுவே வைத்துச் சோதித்ததில், பொரிக்கும் அளவில் குறைவு எதுவும் தெரியவில்லை. இடியோடு சேர்ந்து வரும் மழைதான் கெடுதல். கூடை நனைந்து முட்டை குளிர்ந்தால் கரு இறந்துபோகும். மழைக்காலத்தில் கூடையை ஒழுகாத இடத்துக்கு மாற்றினாலே போதும்.

*

அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தூக்கி நெஞ்சுக்குக் கீழே இறகை விலக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் இறகே இல்லாமல், சிவந்த வெறுந்தோலாக இருக்கும். ஏதோ நோய் என்று பயப்பட வேண்டாம். அந்த இடத்து இறகு உதிர்ந்து, தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் பெருகி, சூட்டை நேராக முட்டைக்குக் கொடுக்கும் அடைத்தழும்பு அது. கோழியின் உடல் சூடு ஏறத்தாழ 41 பாகை. முட்டையின் நடுவில் அது 37, 38 பாகையாக நிற்கும். பொரிப்பகங்களில் லட்சக்கணக்கில் செலவழித்து வைத்திருக்கும் இயந்திரங்கள் 37.5 பாகையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கப் பாடுபடுகின்றன. வைக்கோல் கூடையில் உட்கார்ந்திருக்கும் கோழி சற்று எழுந்தும், சற்று அமுங்கியும், இறகை விரித்தும் ஒடுக்கியும் அதையே செய்துகொண்டிருக்கிறது.

*

கூடைக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். கோழி உடம்பை லேசாகத் தூக்கும். தலையைக் குனிந்து கழுத்தை வயிற்றுக்கு அடியில் நுழைக்கும். அலகின் கீழ்ப்புறத்தை ஒரு முட்டைக்கு அப்பால் கொண்டுபோய், தன் பக்கமாக மெல்ல இழுக்கும். முட்டை உருண்டு உள்ளே வரும், உள்ளே இருந்த ஒன்று ஓரத்துக்குப் போகும். பிறகு இடமும் வலமும் அசைந்து, கால் விரல்களை மடக்கி, ஒரு முட்டையும் மிதிபடாமல் திரும்பப் படுக்கும். பகலிலும் இரவிலுமாக இது பலமுறை நடக்கும்.

திருப்பாவிட்டால் என்ன ஆகும்? கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் வளராது. ஓரத்து முட்டையை உள்ளே கொண்டுவருவதால் எல்லாவற்றுக்கும் சூடு சமமாகவும் கிடைக்கிறது. 18-ஆம் நாளுக்கு மேல் திருப்பத் தேவையில்லை. இயந்திரத்திலும் அந்த நாளோடு திருப்புவதை நிறுத்திவிடுவார்கள்.

*

அடைக்கோழி பட்டினி கிடக்கும் என்பது முழுக்கச் சரியில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, கால் மணி, இருபது நிமிடம் இறங்கும். அந்த நேரத்துக்குள் அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த எச்சத்தை ஒரே குவியலாக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு போட்டுவிட்டு ஓடிவரும். கூடைக்குள் அசுத்தம் செய்வது அபூர்வம்.

நம் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியை வைத்துச் செய்த ஆய்வில் வியப்பான ஒன்று தெரிந்தது. கூட்டின் அருகிலேயே தீனி இருந்தாலும் அடைக்கோழி அதிகம் தின்பதில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கிறது. தீனி கிடைக்காததால் மெலிவதில்லை. அந்த நாட்களில் எவ்வளவு மெலியலாம் என்ற கணக்கே உடம்புக்குள் மாறிவிடுகிறது. ஆனாலும் தானியமும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சில கோழிகள் இறங்க மனமில்லாமல் கிடக்கும். அவற்றை ஒருவேளையாவது தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

*

ஓட்டில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் இருக்கும். குஞ்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் உள்ளே போவதும், கரியமில வாயுவும் ஈரமும் வெளியேறுவதும் அவற்றின் வழியாகத்தான். 21 நாளில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கை ஆவியாகவே இழந்துவிடும். அந்த இடத்தில் அகன்ற முனைப் பக்கம் காற்றறை பெரிதாகும். இழப்பு அளவு குறைந்தால் குஞ்சு ஈரத்தில் திணறும். மிஞ்சினால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டும்.

*

கரு வளர்வதை நாள்வாரியாக முட்டை உடைத்துப் பார்த்து எழுதி வைத்தவர்களில் அரிஸ்டாட்டில் முன்னோடி. மூன்று பகலும் மூன்று இரவும் கடந்ததும், வெண்கருவில் இரத்தப் புள்ளி ஒன்று உயிருள்ளதுபோல் துள்ளுகிறது, அதுவே இதயம் என்று குறித்தார். உண்மையில் இரண்டாம் நாளிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். இன்று கருவியல் படிப்பவர்கள் பின்பற்றுவது 1951-இல் ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற இருவர் வகுத்த வரிசை: முட்டை இட்டதிலிருந்து குஞ்சு வெளிவரும் வரை 46 படிநிலைகள்.

நாம் முட்டையை உடைக்க வேண்டியதில்லை. ஏழாம் நாள் இரவில், இருட்டறையில், டார்ச் வெளிச்சத்தின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பார்த்தால் போதும். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் குஞ்சு வளர்கிறது. ஒன்றுமில்லாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அது கூமுட்டை. எடுத்துவிடுங்கள், உள்ளேயே அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

*

1989 மார்ச் மாதம் டிஸ்கவரி விண்கலத்தில் 32 கருமுட்டைகள் விண்வெளிக்குப் போயின. பாதி, இரண்டு நாள் அடைகாத்தவை. மீதி, ஒன்பது நாள் அடைகாத்தவை. திரும்பி வந்ததும் ஒன்பது நாள் முட்டைகள் பொரித்தன. இரண்டு நாள் முட்டைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கரு இளசாக இருக்கும்போது புவியீர்ப்பு இல்லாமல் வளர்வது கடினம் என்று தெரிந்தது.

*

குஞ்சின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பகுதி ஓட்டிலிருந்து வருகிறது. உள்ளே எலும்பு வளர வளர, வெளியே ஓடு மெலியும். குஞ்சு உடைத்து வெளியே வரும் நாளில் ஓடு உடையத் தோதாகவும் ஆகியிருக்கும்.

*

கடைசி மூன்று நாள்தான் முட்டையின் பெரிய வேலை நாட்கள்.

19, 20-ஆம் நாளில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு முழுவதும் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுத் தொப்புள் மூடும். குஞ்சு அலகால் காற்றறையின் சவ்வைக் கிழித்து முதல் மூச்சை இழுக்கும். அப்போதே 'கீச் கீச்' தொடங்கிவிடும். முட்டையைக் காதில் வைத்தால் கேட்கும். தாயும் கேட்டுவிட்டு அடங்கிய குரலில் பதில் கொடுக்கும். ஓட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவரும் பேசிக்கொள்வது உண்மை, கதை இல்லை.

பிறகு அலகின் நுனியில் இருக்கும் சிறு வெள்ளை முள்ளால் ஓட்டைக் குத்தும். பிடரியில் இதற்கென்றே பருத்த ஒரு தசை பின்னாலிருந்து தலையை உந்தித் தள்ளும். முதலில் ஒரு நட்சத்திர விரிசல். அதன் பிறகு பல மணி நேரம் ஒன்றும் நடக்காது. இந்த நேரத்தில்தான் பொறுமையிழந்து ஓட்டை உரித்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள்! சவ்வில் ஓடும் இரத்தம் குஞ்சுக்குள் திரும்பப் போக அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வழிந்து குஞ்சு இறக்கும். ஓய்ந்த பிறகு குஞ்சு மெதுவாகச் சுழன்று அகன்ற முனையைச் சுற்றிலும் கொத்திக்கொண்டே வரும். மூடியைத் தள்ளி, ஈரம் சொட்ட, கழுத்து நிற்காமல் வந்து விழும். அலகு முள் சில நாளில் தானே உதிர்ந்துவிடும்.

*

காடைக் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே ஒன்றுக்கொன்று 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. பிந்திய முட்டைகளை அந்த ஒலி முடுக்கிவிடுகிறது. 1960-களில் இங்கிலாந்தின் மார்கரெட் வின்ஸ் இதைக் கண்டறிந்தார்.

*

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டியதில்லை. வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு, மூன்று நாள் தாங்கும். பிந்திப் பொரிக்கும் குஞ்சுகளுக்காகத் தாய் கூடையிலேயே காத்திருக்க முடிவது இதனால்தான். அமெரிக்காவில் 1918-லிருந்து ஒருநாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்ப முடிந்ததும் இதனால்தான். தாய் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்து, பொரித்தவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். அதற்கு மேலும் கூடையில் கிடப்பதில் உயிர் இருப்பது குறைவு.

*

மற்ற முட்டைகளுக்கு எத்தனை நாள்? ஜப்பானியக் காடைக்கு 17, 18. வாத்துக்கும் வான்கோழிக்கும் 28. கினிக்கோழிக்கு 26 முதல் 28. மணிலா வாத்துக்கு 35. எல்லாவற்றையும் நாட்டுக்கோழி பொரித்துக் கொடுக்கும். வளர்ப்பு வாத்துகளில் பல அடைகாப்பதையே மறந்துவிட்டதால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாத்து வளர்ப்பவர்கள் அடைக்கோழியைத்தான் நம்பியிருந்தார்கள். பொரித்த வாத்துக்குஞ்சுகள் வாய்க்காலைக் கண்டதும் இறங்கி நீந்தும். கரையில் வளர்ப்புத்தாய் இறக்கையை அடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக் கூப்பிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றியதில்லை.

காட்டோரம் கிடைத்த மயில் முட்டையை மட்டும் கோழிக்கு வைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

*

கோழியே இல்லாமல் பொரிக்கும் கலையை எகிப்தியர்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தார்கள். பச்சைச் செங்கல்லால் கட்டிய அடுப்பு அறைகளில் சாணமும் வைக்கோலும் எரித்து ஆயிரக்கணக்கில் பொரிக்க வைத்தார்கள். சூடு சரியா என்று பார்க்க முட்டையை எடுத்துக் கண்ணிமை மேல் வைத்துப் பார்ப்பார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர் 1749-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி, வெப்பமானி வைத்து ஐரோப்பாவிலும் செய்யப் பார்த்தார்.

*

நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழிகள் ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டையிடுகின்றன. அடைக்கு உட்காருவதில்லை. உட்கார்ந்தால் அத்தனை நாளும் முட்டை நின்றுவிடும் என்பதால், தலைமுறை தலைமுறையாக உட்காராத கோழியாகப் பார்த்துத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவு இது. கொல்லைப்புறத்துக்கென்று ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜாவும் அடைகாக்காது. நம் சிறுவிடை, அசீல் கோழிகள் ஆண்டுக்கு 60, 80 முட்டைதான் தரும். ஆனால் தம் சந்ததியைத் தாமே உண்டாக்கும். மின்சாரம் வேண்டாம், பொரிப்பகத்துக்கு ஓட வேண்டாம், குஞ்சு வாங்கக் காசு வேண்டாம். முட்டை எண்ணிக்கையை மட்டும் கேட்டு நாட்டுக்கோழியை ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அடைக்கு நன்றாக உட்காரும் பெட்டை வீட்டில் இருந்தால் அதை விற்காதீர்கள். அதன் குஞ்சுகளிலும் அந்தக் குணம் இறங்கும்.

*

முட்டை வேண்டும் என்பதற்காக அடையைக் கலைக்க, கோழியைத் தண்ணீரில் முக்குவதும் மூக்குத் துளையில் இறகைச் செருகுவதும் இன்னும் பல ஊரில் நடக்கிறது. கொடுமை அது, தேவையும் இல்லை. அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், வெளிச்சத்தில் தீனியும் தண்ணீரும் கொடுத்துச் சில நாள் வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து கோழி தானாக எழுந்துவிடும்.

*

கோழி கூடையை விட்டு ஓடினால் பெரும்பாலும் செள் என்ற சிறு ஒட்டுண்ணியின் தொல்லைதான். அடையில் இருக்கும் கோழி மண்குளியலைக் குறைத்துவிடுவதால் செள் பெருகும். வைப்பதற்கு முன்பே கூடையை வெயிலில் காயப்போட்டு, புது வைக்கோல் மாற்றி, வசம்புப் பொடியைக் கோழியின் இறகுக்குள் தேய்த்துவிடுவார்கள். நொச்சி இலையும் வேப்பிலையும் வைக்கோலுக்கு அடியில் போடுவது உண்டு. பெருச்சாளி, பாம்பு, கீரி மூன்றுக்கும் எட்டாத இடமாக வைக்க வேண்டும்.

*

சைவ மரபில் குரு சீடனுக்குத் தரும் தீட்சை பல வகை. கண்ணால் பார்த்துத் தருவதற்கு மீனையும், மனத்தால் நினைத்துத் தருவதற்கு ஆமையையும், கையால் தொட்டுத் தருவதற்கு முட்டையை அணைத்து அடைகாக்கும் பறவையையும் சான்று காட்டுவார்கள். மீன் பார்த்தும் ஆமை நினைத்தும் பொரிப்பது நம்பிக்கை. பறவை தொட்டுப் பொரிப்பதை நம் கொல்லையிலேயே பார்க்கலாம்.

*

பொரித்த பிறகும் தாயின் வேலை தீர்வதில்லை. கெட்ட தீனி எந்த நிறம் என்று கோழிக்குப் பழக்கிவிட்டு, அதே நிறத் தீனியைக் குஞ்சுகள் தின்பதுபோல் காட்டினால், தாய் நல்ல தீனியை இன்னும் அதிகமாகக் கொத்திக் காட்டுகிறது என்று 1996-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டின் நிக்கோலும் அவருடைய கூட்டாளியும் கண்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில், குஞ்சின் மேல் லேசாகக் காற்று ஊதியதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு இதயத் துடிப்பு ஏறியது. குஞ்சை அழைக்கும் குரலும் கூடியது. கோழிக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

*

வெளியில் வாங்கிய ஒருநாள் குஞ்சுகளை அடைக்கோழியிடம் சேர்க்கலாம். பகலில் கொடுத்தால் கொத்தி விரட்டும். இரவில், அதன் குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளுக்குள், இருட்டில் ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் விட்டால் காலையில் எல்லாவற்றையும் தன்னுடையது என்று கூட்டிக்கொண்டு போகும்.

*

தாயோடு திரியும் குஞ்சுக்கும் தடுப்பு மருந்து வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் ஒரு கொல்லையையே ஓரிரு வாரத்தில் காலி செய்துவிடும். உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட் ஊரின் பெயர்தான் நோய்க்கு வந்தது. ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் ஊசி. அரசுக் கால்நடை மருந்தகங்களில் போடுகிறார்கள். அடைக்கு வைத்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால் இந்த நாட்களும் தப்பாது.

*

ஆறு, எட்டு வாரம் ஆனதும் தாயே குஞ்சுகளைக் கொத்தி விலக்கும். வெறுப்பு ஒன்றும் இல்லை. புரோலாக்டின் இறங்கி, முட்டைப்பை மறுபடி வளரத் தொடங்கியிருக்கும். கொண்டை திரும்பச் சிவக்கும், சேவலோடு சேரும், சில நாளில் முட்டையிடும். அந்த ஈட்டு முட்டை முடிந்ததும் உடனே இன்னோர் அடைக்கு உட்கார வைக்க அவசரப்படாதீர்கள். இழந்த எடையை முதலில் மீட்கட்டும். கம்பும் கேழ்வரகும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள், கிளிஞ்சல் தூளும் வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈடு குஞ்சு எடுத்தால் ஒரு கோழிக்கு அது போதும்.